ஃபோண்டாவின் நீலக் கண்களும் மவுத் ஆர்கனும்: பழைய கௌபாய் படங்களில் முகத்தையும் இசையையும் பிரித்துப் பேச முடியுமா?

வெயில்நிலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) படத்தை நான்காவது தடவையாகப் பார்த்தேன். முன்பெல்லாம் கதையின் பின்னால் போனவன், இந்தத் தடவை ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்: இந்த முகத்துக்கு இந்த இசை என்பது எந்தக் கட்டத்தில் முடிவாகியிருக்கும்? (படத்தைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்; முடிவு வரைக்கும் பேசப் போகிறேன்.)

மக்பெய்ன் குடும்பம் கொல்லப்படும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டு வாசலில் விருந்துக்கு மேசை போட்டிருக்கிறார்கள். புதர்களில் பூச்சிகளின் ஒலி திடீரென்று நின்றுவிடுகிறது. மகள், தகப்பன், மூத்த மகன் என்று ஒவ்வொருவராகச் சுடப்பட்டு விழுகிறார்கள். அதுவரை இசை ஒரு துளியும் இல்லை. சின்னப் பையன் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து பிணங்களைப் பார்த்து நிற்கும் கணத்தில்தான் இசையமைப்பாளர் எனியோ மொரிகோனியின் மின்கிட்டார் காதைப் பிளந்துகொண்டு வருகிறது. புதரிலிருந்து நீள அங்கி அணிந்த ஆட்கள் நடந்து வருகிறார்கள். கேமரா தலைவனின் முதுகுப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சுற்றி வந்து முகத்தைக் காட்டுகிறது. அந்த முகம் ஹென்றி ஃபோண்டா.

இளம் லிங்கனாகவும் (1939) 'மை டார்லிங் கிளமெண்டைன்' (1946) படத்தின் வயட் அர்ப்பாகவும் அமெரிக்கா முப்பது வருடம் நம்பிய முகம் அது. ஃபோண்டா படப்பிடிப்புக்கு வந்தபோது வில்லனுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மீசை வளர்த்துக்கொண்டு, பழுப்பு நிற கான்டாக்ட் லென்ஸும் போட்டுக்கொண்டு வந்தார். லியோனி இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த நல்லவனின் நீலக் கண்கள்தான்.

இந்தப் படத்தின் முக்கியமான இசைப் பகுதிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே மொரிகோனி எழுதிவிட்டார் என்பதும், படப்பிடிப்புத் தளத்தில் அவற்றை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்க வைத்தார்கள் என்பதும் பலருக்குத் தெரிந்த செய்திகள். ஆகவே என் வாதம் இது: நடிகரைத் தேர்வது ஒரு வேலை, பிறகு அவருக்குப் பின்னணி இசை போடுவது இன்னொரு வேலை என்று நாம் பழக்கத்தில் பேசுகிறோம், நல்ல கௌபாய் படங்களில் இவை இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். சார்லஸ் பிரான்சனின் பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. அவன் கையிலுள்ள வாத்தியத்தின் பெயரால் 'ஹார்மோனிகா' என்றே அழைக்கிறார்கள். அவனுடைய அண்ணனைத் தூக்கில் ஏற்றியபோது ஃபிராங்க் (ஃபோண்டாவின் பாத்திரம்) அவன் வாயில் திணித்த மவுத் ஆர்கன் அது. பிரான்சன் படம் முழுக்கப் பேசும் வசனம் ஒரு கைப்பிடி அளவுதான். மிச்சத்தையெல்லாம் அந்த மவுத் ஆர்கன் பேசுகிறது. வாசித்தவர் ஃபிராங்கோ தெ ஜெமினி. அப்படியானால் அந்தப் பாத்திரத்தில் நடித்தது பிரான்சன் மட்டும்தானா?

உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.


ரீல்பெட்டி எழுதியது:

வெயில்நிலம் தம்பி, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் லியோனியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வாதத்தை நிறுவுவது எளிது. அவர் தம் முப்பத்தொன்பதாம் வயதில் வேண்டியதை வேண்டியபடி செய்துகொள்ளும் செல்வாக்கோடு எடுத்த படம் அது. போதாததற்கு அவரும் மொரிகோனியும் ரோமில் ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. ஹாலிவுட்டின் பழைய முறையில் இசையமைப்பாளர் பெரும்பாலும் கடைசியில் வருகிறவர். நடிகர் தேர்வில் அவருக்குச் சொல்லே இல்லை. ஆகவே உங்கள் வாதத்தை 'ஹை நூன்' (1952) படத்தின் மீது வைத்து உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேரி கூப்பருக்கு அப்போது ஐம்பது வயது. மனைவியாக நடித்த கிரேஸ் கெல்லிக்கு இருபத்தொன்று. இந்த இடைவெளியை அன்றும் பலர் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கூப்பர் முதல் தேர்வும் அல்ல. கிரெகரி பெக் மறுத்த வேடம் அது. வயிற்றுப்புண்ணோடும் முதுகுவலியோடும் நடித்தார். ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பி வானத்தை அழகுபடுத்தும் வடிகட்டிகளைப் போடாமல், உள்நாட்டுப் போர்க்காலப் புகைப்படங்கள்போல வெளுத்த வெயிலில் படம் பிடித்ததால் அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் திரையில் தெரிகிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் இசையமைப்பாளர் திமித்ரி தியோம்கின் வருகிறார்.

வந்து என்ன செய்தார் பாருங்கள். படத்தின் தொடக்கத்தில், பெரிய வாத்தியக் குழுவின் முழக்கம் வர வேண்டிய இடத்தில், டெக்ஸ் ரிட்டரின் ஒற்றைக் குரலில் ஒரு பாட்டை வைத்தார். கல்யாண நாளன்று கணவன் மனைவியிடம் என்னைக் கைவிட்டுவிடாதே என்று கெஞ்சும் பாட்டு. நெட் வாஷிங்டன் எழுதியது. வாத்தியக் குழுவில் வயலின்களை அறவே விலக்கிவிட்டார். மேலே மிதக்கும் இனிமை எதுவும் கிடையாது. அடித் தந்திகளும் கிட்டாரும் அக்கார்டியனும்தான். கூப்பரின் வில் கேன் படத்தில் ஓரிடத்திலும் மனைவியிடம் கெஞ்சுவதில்லை. அவன் வாய்திறந்து சொல்லாத கெஞ்சலை அந்தப் பாட்டு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வயதான முகம் என்று குறை சொல்லப்பட்டதே, அந்த முகம் பயந்த முகமாக மாறுவது பாட்டினால்தான்.

அதனால் நான் சொல்வது: அது ஒரே முடிவு அன்று. நடிகர் தேர்வில் நேர்ந்துவிட்ட ஒன்றை இசை பிறகு வந்து பொருளுடையதாக்கியது. அந்த ஆண்டுக்கான ஆஸ்கரில் கூப்பருக்கும், பின்னணி இசைக்கும், பாட்டுக்கும், படத்தொகுப்புக்கும் விருது கிடைத்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.


சலூன்கதவு எழுதியது:

ரீல்பெட்டி ஐயா 'ஹை நூன்' என்று சொன்னதால் ஒரு சிறு செய்தியைச் சேர்க்கிறேன். அந்தப் பாட்டு ஒலிக்கும்போது திரையில் முதலில் தெரியும் முகம் கூப்பருடையது அல்ல. பாறைமேல் உட்கார்ந்து கூட்டாளிகளுக்காகக் காத்திருக்கும் லீ வான் கிளீஃபினுடையது. அதுதான் அவருக்கு முதல் படம். படம் முழுவதிலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரயில் நிலையத்தில் மூன்று பேர் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவராகிய இவர் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். ஜாக் ஏலமும் அந்தப் படத்தில் உண்டு, சிறைக்குள் கிடக்கும் குடிகாரனாக.

பதினாறு வருடம் கழித்து லியோனி தம் படத்தை எப்படித் தொடங்குகிறார்? ரயில் நிலையத்தில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அதே ஜாக் ஏலம். ரயில் நகர்ந்த பிறகு தண்டவாளத்துக்கு அப்பால் மவுத் ஆர்கன் ஒலிக்கிறது. வெயில்நிலம் கேட்ட 'எந்தக் கட்டத்தில் முடிவாகியிருக்கும்' என்ற கேள்விக்கு, 1952இல் என்று பதில் சொல்லத் தோன்றுகிறது.


வெயில்நிலம் எழுதியது:

சலூன்கதவு, இதை நான் கவனிக்கவே இல்லை. நன்றி. அந்தத் தொடக்கக் காட்சியில் இன்னொன்று. மொரிகோனி அதற்கு இசையே போடவில்லை. காற்றாலை கிறீச்சிடுகிறது. வூடி ஸ்ட்ரோடின் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. ஏலமின் தாடியில் ஈ மொய்க்கிறது, மூன்றாமவர் விரல்களைச் சொடுக்கிக்கொள்கிறார். ஃபிளாரன்சில் ஒரு கச்சேரியில் கலைஞர் ஒருவர் ஏணி ஒன்றை அசைத்து அசைத்து எழுப்பிய ஒலியே நிகழ்ச்சியாக அமைந்ததைத் தாம் கண்டதாகவும், அதை லியோனியிடம் சொன்னதாகவும் மொரிகோனியே கூறியிருக்கிறார். இசையை விட்டுவிடுவதும் இசையமைப்பாளரின் முடிவுதானே? அந்த மூன்று பேருக்கும் வசனம் கிட்டத்தட்ட இல்லை. அந்த நீண்ட நேரம் தாங்கக்கூடிய முகங்கள் தேவைப்பட்டன. ஏலமின் ஒருபக்கம் ஒதுங்கிய கண் இல்லாவிட்டால் அந்த ஈயை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ரீல்பெட்டி ஐயா, கூப்பர் பற்றி நீங்கள் சொன்னது என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யோசித்துவிட்டு வருகிறேன்.


ஏழாமவன் எழுதியது:

தியோம்கின் பெயர் வந்துவிட்டதால் 'ரியோ பிராவோ'வை (1959) விட்டுவிட்டு நகர முடியாது. 'ஹை நூன்' படத்தை நடிகர் ஜான் வேய்னுக்கும் இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸுக்கும் பிடிக்கவில்லை. ஒரு ஷெரிஃப் ஊரார் வாசல் வாசலாகப் போய் உதவி கேட்பானா என்பது அவர்கள் ஆத்திரம். அதற்குப் பதிலாக எடுத்த படம் இது. வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பைத் தெரிவிக்க எடுத்த படத்துக்கும் அதே தியோம்கினையே இசையமைக்க அழைத்தார்கள்.

இதில் நடிகர் தேர்வும் இசையும் வெளிப்படையாகவே ஒன்று. டீன் மார்ட்டின் ஏற்கெனவே புகழ்பெற்ற பாடகர். ரிக்கி நெல்சனுக்கு வயது பதினெட்டு, பாடகர், இளைஞர்களின் கனவு நாயகன். அவரைப் போட்டதே இளசுகளைத் திரையரங்குக்கு இழுக்கத்தான். இப்படி இரண்டு பாடகர்களைப் போட்டுவிட்டுப் பாட்டு இல்லாமல் முடியுமா? சிறைக்கூடத்தில் முற்றுகைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மார்ட்டின் தொப்பியைக் கண்மீது சரித்துப் படுத்தபடி பாடுகிறார், நெல்சன் கிட்டார் வாசித்துச் சேர்ந்துகொள்கிறார், வால்ட்டர் பிரென்னன் மவுத் ஆர்கன் ஊதுகிறார். அந்த மெட்டும் புதிதல்ல. தியோம்கின் 'ரெட் ரிவர்' (1948) படத்துக்குப் போட்டதை எடுத்து வார்த்தை மாற்றிக்கொண்டார். வேய்ன் மட்டும் பாடவில்லை, ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். 1933இல் 'பாடும் கௌபாய்' வேடத்தில் அவரை நடிக்க வைத்து, குரலை வேறொருவரிடம் வாங்கி ஒட்டியிருந்தார்கள். அதை அறிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தப் பாட்டல்ல, 'தெக்வெயோ'. வில்லன் சலூனில் வாத்தியக்காரர்களுக்குப் பணம் கொடுத்து இரவு முழுக்க ஒரு டிரம்பெட் மெட்டை வாசிக்க வைக்கிறான். டெக்சஸில் நடந்த அலமோ முற்றுகையில் மெக்சிகோ தளபதி சாந்தா அன்னாவின் படை, யாரையும் உயிரோடு விடமாட்டோம் என்று அறிவிக்க ஊதிய மெட்டு அது என்று நெல்சனின் பாத்திரம் விளக்குகிறது. உண்மையான பழைய ஊதல் படத்துக்கு ஏற்றதாக இல்லாததால் தியோம்கின் தாமே புதிதாக ஒன்றை எழுதினார். சில ஆண்டுகளில் லியோனி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) படத்தின் இறுதிச் சண்டைக்கு அதைப்போலவே வேண்டும் என்று மொரிகோனியிடம் கேட்டார். மொரிகோனி தாம் முன்பே எழுதி வைத்திருந்த ஒரு தாலாட்டை எடுத்து, மிக்கேலே லாச்சரென்சாவின் டிரம்பெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். நாம் மரணத்தின் இசை என்று மெய்சிலிர்த்துக் கேட்பது ஒரு தாலாட்டு.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்துக்கு லியோனி கேட்டது ஃபோண்டாவை, கிடைக்கவில்லை. ஜேம்ஸ் கோபர்ன் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. கடைசியில் தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் 15,000 டாலருக்கு வந்தார். ஆளும் இரண்டாம் கை, மெட்டும் இரண்டாம் கை! 'ஒரே முடிவு' என்று வெயில்நிலம் சொல்வதைவிட, கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள் என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும்.


கொன்றைமரம் எழுதியது:

இதுவரை நடந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்தேன். ஒரு பக்கம் முழுவதுமாக விடுபட்டிருப்பதால் எழுதுகிறேன். முகமும் இசையும் கைகோத்து அழகைத் தந்த இடங்களையே எல்லோரும் சொல்கிறீர்கள். அவை கைகோத்துப் பொய் சொன்ன இடங்கள் அவற்றைவிட அதிகம்.

ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்தில் கொமான்சி இனத் தலைவன் ஸ்காராக நடித்தவர் ஹென்றி பிராண்டன். பெர்லினில் பிறந்தவர். அவரைச் சுற்றிக் கொமான்சிகளாக நின்றவர்கள் மான்யுமென்ட் வேலியில் வாழும் நவாஹோ மக்கள். வெயில்நிலம் ஃபோண்டாவின் நீலக் கண்களைப் பற்றி எழுதினார். ஸ்காரின் கண்களும் நீலம்தான், உற்றுப் பாருங்கள். அங்கே லென்ஸ் வேண்டாம் என்றார்கள். இங்கே லென்ஸைப் பற்றி யாரும் கவலையே படவில்லை. 'புரோக்கன் ஆரோ' (1950) பழங்குடியினரை மரியாதையோடு காட்டிய படம் என்று பாராட்டப்பட்டது. அதில் அப்பாச்சி தலைவர் கொச்சீஸாக நடித்தவர் புரூக்ளினில் பிறந்த ஜெஃப் சாண்ட்லர். அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அதே படத்தில் நடித்த உண்மையான மோஹாக் இனத்தவர் ஜே சில்வர்ஹீல்ஸுக்குக் கிடைத்தது, சமாதானத்தை ஏற்காத ஜெரோனிமோவின் சிறு வேடம்.

இசையைப் பாருங்கள். நான்கு தட்டுகளில் முதல் தட்டை ஓங்கி அடிக்கும் முரசு, அதன்மேல் வெறுமையான ஐந்தாம் சுர இடைவெளியில் முழங்கும் பித்தளை வாத்தியங்கள். கொமான்சி வந்தாலும் இதுதான், அப்பாச்சி வந்தாலும் இதுதான், சூ வந்தாலும் இதுதான். எந்தப் பழங்குடியின் இசையும் இதுவல்ல. மேடை நாடகக் காலத்திலிருந்தே ஐரோப்பியச் செவிகளுக்காகச் செய்துவைத்த ஓர் அடையாள ஒலி. மலைமுகட்டில் ஆட்கள் தெரிவதற்கு முன்பே முரசு ஒலித்துவிடும், பார்வையாளன் பயப்படத் தயாராகிவிடுவான். அதற்குப் பிறகு அங்கே யாரை நிறுத்தினாலும் போதும் என்றாகிவிடுகிறது. முகத்துக்குச் செலவழிக்க வேண்டிய அக்கறையை இசை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது. இது திருந்தத் தொடங்கியதற்கு அடையாளமாக 'லிட்டில் பிக் மேன்' (1970) படத்தில் சீஃப் டான் ஜார்ஜைச் சொல்வேன். அவர் பேசுவதைக் கேட்ட பிறகு அந்த முரசை யாரும் தேட மாட்டார்கள்.

அதற்காக 'தி சர்ச்சர்ஸ்' மோசமான படம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாதம் சரியென்றால் அதன் இந்தப் பாதியையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும்.


ரீல்பெட்டி எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் அந்த முரசை எழுதியவர் மாக்ஸ் ஸ்டெய்னர், வியன்னாக்காரர். தியோம்கின் உக்ரைனில் கிரெமென்சுக் என்ற ஊரில் பிறந்து பீட்டர்ஸ்பர்க்கில் படித்தவர். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர் கௌபாய்களுக்கு எப்படி இசையமைக்கிறீர்கள் என்று கேட்டால், புல்வெளி எங்கே இருந்தாலும் புல்வெளிதான் என்கிற பொருளில் பதில் சொல்வாராம். நிலத்துக்கு அந்தப் பதில் பொருந்தும். மனிதர்களுக்குப் பொருந்தாது என்பதைத்தான் நீங்கள் காட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் அதே ஸ்டெய்னர் அதே படத்தில் செய்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாயகன் ஈத்தன் (ஜான் வேய்ன்) புறப்படுவதற்கு முன், தம்பி மனைவி மார்த்தா உள்ளறையில் அவனுடைய அங்கியை எடுத்துத் தடவுகிறாள். வெளியறையில் வார்ட் பாண்ட் காப்பியைக் குடித்தபடி நேர் எதிரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண்டும் காணாத பாவனை. ஒரு வசனம் கிடையாது. பின்னணியில் 'லொரேனா' என்ற உள்நாட்டுப் போர்க்காலத்துப் பாட்டின் மெட்டு மட்டும், மெல்ல. பிரிந்துபோன காதலர்களின் பாட்டு அது. தோற்ற படையின் சிப்பாய் ஈத்தன்; அந்தத் தலைமுறை முகாம்களில் பாடிய பாட்டு. அண்ணனும் தம்பி மனைவியும் ஒருகாலத்தில் என்னவாக இருந்தார்கள் என்று படத்தில் யாரும் சொல்வதில்லை, அந்த மெட்டு சொல்லிவிடுகிறது. வேய்னின் அந்தக் கல்முகம் இல்லாமல் இது நடக்காது. முகத்தில் கொஞ்சம் காதலைக் காட்டத் தெரிந்த நடிகரைப் போட்டிருந்தால் மெட்டு மிகையாகிவிட்டிருக்கும்.

ஒரே இசையமைப்பாளர், ஒரே படம். தெரிந்த மனிதர்களுக்கு 'லொரேனா', தெரியாத மனிதர்களுக்கு முரசு.


சலூன்கதவு எழுதியது:

'தி மேக்னிஃபிசென்ட் செவன்' (1960) பற்றி யாருமே பேசவில்லையே என்று பார்த்தேன். எல்மர் பெர்ன்ஸ்டீனின் இசையைச் சிகரெட் விளம்பரத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என் எண்ணத்தில் அந்தப் படம் சற்று மந்தமான படம். ஏழு பேரும் குதிரையில் நிதானமாகத்தான் போகிறார்கள். இசைதான் நான்கு கால் பாய்ச்சலில் ஓடுகிறது. மெக்சிகோ இளைஞன் சிக்கோவாக நடித்தவர் ஜெர்மானியர் ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ், மெக்சிகோ கொள்ளைக்காரனாக நடித்தவர் புரூக்ளின்காரர் எலை வாலக். கொன்றைமரம் சொன்ன கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

'புட்ச் கேசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்' (1969) படத்தில் சைக்கிள் ஓட்டும்போது வரும் மழைத்துளிப் பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்கர் கிடைத்தது, மகிழ்ச்சி.


ஏழாமவன் எழுதியது:

வாலக் பெயரைச் சொன்னீர்கள். ஃபோண்டா லியோனியின் படத்தில் நடிப்பதா வேண்டாமா என்று தயங்கியபோது ஆலோசனை கேட்டது அவரிடம்தான். அவசியம் நடியுங்கள் என்றாராம்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) பற்றி ஒரு செய்தி. அதைத் தயாரித்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா? கார்ல் ஃபோர்மன், திமித்ரி தியோம்கின். அதாவது 'ஹை நூன்' படத்தின் திரைக்கதை ஆசிரியரும் இசையமைப்பாளரும். முன்னவர் கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். பதினேழு ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்து எடுத்த கௌபாய் படத்தில் மறுபடியும் கதைக்கு வெளியே நின்று ஒரு குரல் பாடுகிறது. இந்தத் தடவை ஹோசே ஃபெலிசியானோ, இசை குவின்சி ஜோன்ஸ், பாட்டு ஒரு கிழட்டுப் பிணந்தின்னிக் கழுகைப் பற்றி. 1952இல் கூப்பர் வேடத்தை மறுத்த கிரெகரி பெக்தான் இதில் நாயகன். அவருக்கு எதிரே மெக்சிகோ கொள்ளைக்காரனாக எகிப்தியர் ஒமர் ஷெரிஃப். பாத்திரத்தின் பெயர் கொலராடோ. 'ரியோ பிராவோ'வில் ரிக்கி நெல்சனின் பாத்திரத்துக்கும் அதே பெயர்.

கல்லூரி நாள்களில் இந்தப் படத்தை ஓடித் தேய்ந்த பிரதியில் பார்த்தேன். கழுகுப் பாட்டு வரும்போது அரங்கில் ஒருவருக்கும் வரி புரியவில்லை, ஆனால் எல்லோரும் சேர்ந்து விசிலடித்தோம். சிவகாசியில் அச்சான டெக்ஸ் வில்லர் கௌபாய் சித்திரக் கதைகளைப் படித்துப் படித்து அந்தப் பாலைவனம் எங்களுக்கு முன்பே பழக்கம். அங்கே இல்லாதது இசை ஒன்றுதான்.


வெயில்நிலம் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். ரீல்பெட்டி ஐயா கொடுத்த யோசனைக்குப் பதில் சொல்வதற்காக ஒரு சோதனை செய்து பார்த்தேன். லியோனியின் படத்தில் இரண்டு இடங்களை ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன்: ஃபோண்டாவின் அறிமுகமும், இறுதியில் ஃபோண்டாவும் பிரான்சனும் எதிரெதிரே நிற்கும் காட்சியும்.

ஃபோண்டாவின் அறிமுகம் ஒலியில்லாமலும் நிற்கிறது. இன்னும் சொல்லப்போனால் கூடுதலாகவே பயமாக இருக்கிறது. அந்தப் பையனைப் பார்த்து அவர் லேசாகச் சிரிப்பது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. முப்பது வருடத்துப் பழைய படங்கள் அந்த முகத்துக்குப் பின்னணி இசையாக இருக்கின்றன. பிரான்சனோ ஒலி போனதும் காணாமற் போய்விடுகிறார். வெயிலில் யாரோ ஒருவர் நிற்கிறார், அவ்வளவே. ஆகவே என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். 'ஒரே முடிவு' என்பது பிரான்சன் விஷயத்தில் மட்டும் உண்மை. ஃபோண்டாவுக்கு இசை ஒரு வரவேற்பு. வராவிட்டாலும் அவர் உள்ளே வந்திருப்பார்.

லீ வான் கிளீஃபை இதே சோதனைக்கு உட்படுத்த ஆசை. 'ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்' (1965) படத்தில் அவருடைய கோபம் முழுவதும் ஓர் இசைக் கடிகாரத்துக்குள் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தின் சத்தம் நின்றால் அவர் சுடுவாரா என்றே சந்தேகம். 'ஹை நூன்' படத்தில் வார்த்தை கொடுக்காமல் மவுத் ஆர்கன் கொடுக்கப்பட்டவர் அவர்.

கொன்றைமரம் அவர்கள் சொன்ன பாதிக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஸ்காரின் காட்சிகளையும் ஒலியை அடைத்துப் பார்த்தேன். முரசு போனதும், மகன்களைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் பேசிக்கொண்டிருக்கிறான். நீலக் கண்கள் அப்போதுதான் எனக்கும் தெரிந்தன.


கொன்றைமரம் எழுதியது:

அந்தச் சோதனை பிடித்திருந்தது. உங்கள் பட்டியலில் இன்னொரு முகத்தைச் சேர்க்கும்படி கேட்கிறேன்: காட்டி ஜுராடோ.

'ஹை நூன்' படத்தில் ஹெலன் ராமிரெஸாக நடித்த மெக்சிகோ நடிகை. ஹாலிவுட் அதிசயமாக ஒரு மெக்சிகோப் பெண் வேடத்தை மெக்சிகோப் பெண்ணுக்கே கொடுத்தது. அவருக்கு கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. கூப்பரின் பழைய காதலி, ஊரில் சொந்தத் தொழில் நடத்துகிறவள், நடப்பது என்ன என்று அந்த ஊரில் முழுதாகப் புரிந்த ஒரே ஆள். ஆனால் டெக்ஸ் ரிட்டரின் பாட்டு கிரேஸ் கெல்லியிடம்தான் கெஞ்சுகிறது. ஜுராடோ பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போய்விடுகிறாள்.

1973இல் சாம் பெக்கின்பாவின் 'பாட் காரெட் அண்ட் பில்லி த கிட்' வருகிறது. இருபத்தொரு வயதில் செத்த பில்லிக்கு முப்பத்தாறு வயது கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன், கூடவே நடிக்கவும் இசையமைக்கவும் பாப் டிலன். பாடகர்களைப் பிடித்துவந்து துப்பாக்கியைக் கொடுத்த படம் என்று கேலி செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். லியோனிக்குக் கட்டுப்படியாகாத அந்த ஜேம்ஸ் கோபர்ன்தான் காரெட். அதில் ஒரு சின்ன வேடத்தில் ஸ்லிம் பிக்கன்ஸ், வயதான ஷெரிஃப். அவர் மனைவியாக ஜுராடோ. துப்பாக்கிச் சண்டையில் அவளும் கணவனோடு சேர்ந்து நின்று சுடுகிறாள். வயிற்றில் குண்டு பாய்ந்த பிக்கன்ஸ் தள்ளாடி நடந்து ஆற்றங்கரையில் போய் உட்காருகிறார். டிலனின் சொர்க்கத்துக் கதவைத் தட்டும் பாட்டு தொடங்குகிறது. சற்றுத் தள்ளி நின்று ஜுராடோ அவரைப் பார்க்கிறாள், கண்ணீர் வழிகிறது, கணவர் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். ஒரு வார்த்தையும் கிடையாது.

இதை மட்டும் ஒலியை அடைத்துப் பார்க்காதீர்கள். அந்த முகம் இந்தப் பாட்டுக்காக இருபத்தொரு வருடம் காத்திருந்தது.


ரீல்பெட்டி எழுதியது:

நேற்றிரவு அந்தக் காட்சியைத் தேடியெடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவோ குறைவாகவோ இருக்கலாம், கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. முடிந்ததும் 'ஹை நூன்' போட்டு, ஹெலன் ரயிலேறும் இடம் வரை மறுபடி பார்த்தேன். தியோம்கினின் பாட்டு ஒலிக்கிற ஒவ்வொரு தடவையும், சட்டகத்தில் ஜுராடோ இருக்கிறாளா என்று தேடிக்கொண்டே இருந்தேன்.